வயல் மனையில் போர்வெல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்?

குடமுருட்டி:
பாபநாசம் பக்கம், நஞ்சையை மண்ணடித்து மேடாக்கிய மனை, 30க்கு 40 அடி. போர் 60 அடி ஆழம். அதிலிருந்து 20 அடியில் செப்டிக் டேங்க்; சிமெண்ட் உறை இறக்கியது, அடியில் கான்கிரீட் கிடையாது. ஐப்பசி பிறந்தால் போர்த் தண்ணீரில் வாடை, கக்கூஸில் தண்ணீர் இறங்குவதில்லை. கோடையில் தொந்தரவில்லை. போரை ஆழப்படுத்தினால் போதுமா?

வெண்ணாறு:
போதாது சார். அடி போடாத உறை வெறும் ஊறல் குழிதான், கழிவுநீர் அப்படியே மண்ணில் இறங்கும். ஆற்றில் தண்ணீர் ஓடி, அடைமழையும் பிடித்தால் டெல்டாவில் நீர்மட்டம் தரைக்குச் சில அடிக்குள் ஏறிவிடும். அப்போது குழி நிலத்தடி நீரிலேயே கிடக்கும். மேலே களி என்றாலும் கீழே மணல், அதன் வழியாகக் கழிவு போருக்குப் போகிறது. ஊறல் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர், அதாவது 60 அடி இடைவெளி வேண்டும். உங்கள் மனையின் மூலைக்கு மூலையே 50 அடிதான்! பக்கத்து வீட்டுக் குழியையும் கணக்கில் எடுங்கள்.

அடியில் கான்கிரீட், இரண்டு அறை (முதலறை மூன்றில் இரண்டு பங்கு), உள்ளே நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு என்று கட்டுங்கள். வழிகிற நீரை ஜல்லி வடிகட்டி வழியாகக் கல்வாழை நட்ட மேட்டுப் பாத்திக்கு விடலாம். மட்டம் பற்றாவிட்டால் சின்ன மோட்டார். ரெடிமேட் பிளாஸ்டிக் தொட்டி வைத்தால் கான்கிரீட்டில் பிணைக்க வேண்டும். மழைக்காலத்தில் அதைக் காலி செய்தால் மிதந்து மேலே வந்து குழாயை உடைத்துவிடும். எந்தத் தொட்டியானாலும் ஆனிக்குள் கசடு எடுத்துவிடுங்கள்.

போரில் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே மேல்பகுதியில் சிமெண்ட் கரைசல் ஊற்றினார்களா? இல்லையென்றால் எவ்வளவு ஆழம் போனாலும் மேல்தண்ணீர் குழாயை ஒட்டியே இறங்கும். நாகை பக்கம் ஆழம் போனால் உப்பும் தட்டும்.

அரசலாறு:
மழைக்காலத்திலேயே தண்ணீரைச் சோதியுங்கள், குடிநீர் வாரிய ஆய்வகத்தில் செய்வார்கள். 100 மில்லியில் ஈ.கோலை என்கிற மலக்கிருமி இருக்கவே கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.க்குள் இருக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்க நைட்ரேட் மிகுந்த தண்ணீர் வேண்டாம்.

தொட்டியின் காற்றுக் குழாய் வாயில் கொசு வலை கட்டி, மூடி இடுக்கைப் பூசிவிடுங்கள். யானைக்காலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு வளர்வது இதுபோன்ற கழிவுநீரில்தான். கும்பகோணத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்! டெங்கு கொசு வேறு, அதைத் தேட வேண்டிய இடம் டிரம்மும் டயரும்.

குடமுருட்டி:
நன்றி. வடிகால் வாய்க்காலில் குழாயை விட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார்.

வெண்ணாறு:
விடாதீர்கள். கழிவுநீர் ஆகாயத்தாமரைக்கு உரம். அது மண்டி வடிகால் அடைத்தால் மேலே மனையில் தண்ணீர் நிற்கும், வயலில் சம்பாப் பயிர் அழுகும். புல வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள். மண்ணடிக்கும்போதே வாய்க்காலைச் சேர்த்து மூடியிருந்தால் நீங்கள் என்ன கட்டினாலும் தண்ணீர் வடியாது.