பர்மா காட்டுல சாக்கு விரிச்சு ரோடு போட்டாங்களா? தாத்தா சொன்னது நெசமா?

கல்லிடை_பேரன்:
எங்க தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ்ல (பட்டாளத்துல ரோடு, பாலம் போடுத பிரிவு) இருந்து பர்மா போயிட்டு வந்தவுக. திண்ணைல உக்காந்து "சாக்க தார்ல முக்கி காட்டுக்குள்ள பாய் மாதிரி விரிச்சோம்லே, அதுமேலதான் லாரி போச்சு"ன்னு சொல்லுவாவ, நாங்கல்லாம் கதை விடுதாவன்னு சிரிச்சிருவோம். இப்ப அவுக இல்ல. போன வாரம் தகரப்பெட்டிய ஒதுக்கும்போது ஆறு முனை நட்சத்திர மெடல் ஒண்ணு கிடைச்சுது, ரிப்பன் நடுவுல சிவப்பு, ரெண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள்ள ஆரஞ்சு கோடு. நெட்ல தேடுனா லெடோ ரோடுன்னுதான் வருது, சாக்கு பத்தி ஒண்ணும் காணல. தெரிஞ்சவுக சொல்லுங்க அண்ணாச்சி.

கரிசல்காட்டான்:
அது பர்மா ஸ்டார் தம்பி, பத்திரமா வைங்க. தாத்தா சொன்னது அத்தனையும் நெசம். நான் ரோடு வேலதான் பாக்கேன், அதனால இத கேட்டாலே சிலிர்க்கும். அதுக்கு பிட்ஹெஸ்னு பேரு, தார்ல முக்குன சணல் துணி. ஜப்பான்காரன எதுத்து சண்ட போட்ட பிரிட்டிஷ்-இந்திய 14வது ஆர்மி 1944 கடைசில பர்மால கபாவ் பள்ளத்தாக்கு வழியா இறங்குச்சு, அம்புட்டு மைலுக்கும் ஜல்லி கொண்டாந்து கொட்ட எங்க நேரம். மண்ண சமப்படுத்தி இறுக்கி, ஓரத்துல வாய்க்கா வெட்டி, துணிய ஒண்ணுமேல ஒண்ணு ஏறுத மாதிரி ஓடு வேயுத கணக்கா விரிச்சாங்க. பாரத்த தாங்குதது மண்ணுதான், துணி தண்ணிய உள்ள விடாது, அவ்வளவுதான் சூட்சுமம். நம்ம கரிசல்ல கோடைல லாரியே போவும், ஒரு மழை பேஞ்சா சைக்கிள கூட உருட்ட முடியாதுல்லா? துணி ஒரு இடத்துல கிழிஞ்சாலும் அடில சேறாயிரும், போட்ட பொறவும் ஆள் நின்னு ஒட்டுப்போட்டுக்கிட்டே இருக்கணும். 100 மைலுக்கு மேல இப்படி போட்டாங்க.

பொருநைக்கரை:
லெடோ ரோடு வேற. ஜப்பான்காரன் பழைய பர்மா ரோட்ட அடைச்சதால சீனாவுக்கு சாமான் அனுப்ப, அஸ்ஸாம்ல இருந்து அமெரிக்க என்ஜினியர்கள் 1942 டிசம்பர்ல ஆரம்பிச்சது, 3,727 அடி உயரத்துல பங்சாவ் கணவாய், முதல் லாரி கான்வாய் சீனால குன்மிங் போய் சேர 1945 பிப்ரவரி ஆயிட்டு. வேல பாத்த அமெரிக்க சிப்பாய்கள்ல பாதிக்கு மேல கறுப்பினத்தவங்க, அதையும் இப்ப யாரும் சொல்லதில்ல. உங்க தாத்தா ரோடு அதுக்கு தெக்க, மணிப்பூர் எல்லைய ஒட்டுன தாமுல இருந்து கலேவா. கலேவால சிண்ட்வின் ஆத்துக்கு குறுக்க 1,154 அடிக்கு மிதக்கும் பெய்லி பாலமும் (துண்டு துண்டா கொண்டாந்து கோக்குத இரும்புப் பாலம்) 1944 டிசம்பர்லயே கட்டுனாங்க. டிஸ்சார்ஜ் புக்ல நம்பர் இருந்தா பெங்களூர்ல மெட்ராஸ் என்ஜினியர் குரூப் (அதான் மெட்ராஸ் சாப்பர்ஸ்) ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிப் பாருங்க.

கல்லிடை_பேரன்:
புக் இருக்கு அண்ணாச்சி, கரையான் அரிச்சது போக நம்பர் தெரியுது, நாளைக்கே எழுதுதேன். இத எல்லாம் அப்பாட்ட வாசிச்சு காமிச்சேன். ரொம்ப நேரம் பேசல, பொறவு "ஆத்துல மிதக்க பாலம்னும் சொல்லிருக்காவ, நான்தான் காதுல வாங்கல"ன்னாவ.