வக்கீல் ஆபீஸ்ல ஏஐ கொண்டு வரச் சொல்றாங்க, எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கேஸ்கட்டு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆபீஸ்ல மொத்தம் ஒன்பது பேர், சிவில் கேஸும் ஒப்பந்த வேலையும்தான் அதிகம். போன வாரம் சீனியர் கூப்பிட்டு, இந்த ஏஐ விஷயத்தைப் பார்த்து ஒரு வழி சொல்லுன்னு எங்கிட்ட விட்டுட்டார். விசாரிக்க ஆரம்பிச்சா, ஜூனியர் ரெண்டு பேர் ஏற்கனவே இலவச சாட்ஜிபிடில கட்சிக்காரரோட மெயிலை அப்படியே போட்டு பதில் டிராஃப்ட் பண்ணிட்டு இருக்காங்கன்னு தெரிய வந்துச்சு, பேரு, தொகை, எதிர்த்தரப்பு பேரு எல்லாம் சேர்த்தே. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. தடைன்னு சொன்னா ஒளிச்சு செய்வாங்க, சரின்னு விட்டா எங்க போய் நிக்கும்னு தெரியல. எந்த வேலைல முதல்ல இறக்கலாம், கட்சிக்காரர்கிட்ட சொல்லணுமா, ஃபீஸை எப்படிப் போடறது, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஓரக்குறிப்பு:
நாங்க ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. சட்டம் தேடற வேலைல ஆரம்பிக்காதீங்க, அதுதான் என் முதல் வார்த்தை. கையில இருக்கற பேப்பர்ல ஆரம்பிங்க, அதாவது பெரிய கேஸ் கட்டைச் சுருக்கறது, தேதிவாரியா நிகழ்வுப் பட்டியல் போடறது, ஒப்பந்தத்தோட ரெண்டு வெர்ஷனுக்கு நடுவுல என்ன மாறிருக்குன்னு பார்க்கறது. இதுல தப்பு வந்தா பக்கத்தைத் திருப்பி கண்டுபிடிச்சிடலாம், ஒரிஜினல் உங்க மேஜைலயே இருக்கு.

ஆனா திருப்பிப் பார்த்தே ஆகணும். எங்களுக்கு ஒரு தடவை 340 பக்கக் கட்டுக்கு தேதிப் பட்டியல் போட்டுக் கொடுத்துச்சு, பார்க்கவே அவ்ளோ அழகு. அதுல நோட்டீஸ் கிடைச்ச தேதி 11னு இருந்துச்சு. 11 அனுப்பின தேதி, கிடைச்சது 19. ஒப்புகை அட்டை சாய்வா ஸ்கேன் ஆகி முத்திரை மங்கிப் போயிருந்ததால அதைப் படிக்க முடியாம, மேல டைப் அடிச்சிருந்த தேதியையே எடுத்துக்கிச்சு. கிடைச்ச நாள்ல இருந்து 30 நாள் கழிச்சுதான் கேஸ் போடணும்னு அந்த ஒப்பந்தத்துல ஷரத்து இருந்துச்சு, அப்படியே நம்பியிருந்தா 8 நாள் முன்னாடியே போட்டு மனு அடிபட்டுப் போயிருக்கும். அந்த அட்டையை எடுத்துப் பார்த்தது எங்க கிளார்க் அம்மா. அன்னைல இருந்து எங்க ஆபீஸ்ல பட்டியல்ல ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் இருக்கணும், அந்தப் பக்கத்தைப் பார்த்தவங்க பக்கத்துல இனிஷியல் போடணும். சுருக்கம் யார் போட்டாங்கன்றதை விட யார் பார்த்தாங்கன்றதுதான் எங்களுக்கு வேணும்.

வாய்தா_தேதி:
சட்டம் தேடறது பத்தி ஓரக்குறிப்பு சார் சொன்னது ரொம்ப சரி. 2023ல நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டுல நடந்த மாட்டா எதிர் ஏவியான்கா கேஸ் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, இல்லாத தீர்ப்புகளை சாட்ஜிபிடி எழுதிக் கொடுக்க அதை அப்படியே தாக்கல் பண்ணி 5,000 டாலர் அபராதம் ஆச்சு. இதுல பல பேர் கவனிக்காத ஒரு இடம் இருக்கு. அந்த வக்கீல் இது நிஜ கேஸ்தானான்னு சாட்ஜிபிடிகிட்டயே கேட்டார், அதுவும் ஆமான்னு சொல்லிடுச்சு. சந்தேகம் வந்தா பொய் சொன்னவன்கிட்டயே போய்க் கேட்டா எப்படி? இன்னொண்ணு, ஏஐ யூஸ் பண்றதே தப்புன்னு அந்த ஜட்ஜ் சொல்லல. எதிர்த்தரப்பு கேஸே கிடைக்கலன்னு சொன்ன பிறகும் அதையே பிடிச்சுக்கிட்டு நின்னாங்க பாருங்க, அதுதான் வினையாப் போச்சு.

2025 ஜூன்ல லண்டன் ஹைகோர்ட்டுல வந்த விஷயம் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. ஒரு கேஸ்ல 45 மேற்கோள், அதுல 18 தீர்ப்பு இல்லவே இல்ல. தேடினது வக்கீல் கூட இல்ல, கட்சிக்காரரே ஏஐல தேடிக் கொடுத்திருக்கார், வக்கீல் சரிபார்க்காம போட்டுட்டார். அதனால உங்க ஆபீஸ்ல ஏஐ வேண்டாம்னு முடிவு பண்ணாலும் அது கட்சிக்காரர் கை வழியா உள்ள வரும், இதையும் சீனியர்கிட்ட சொல்லிடுங்க.

பழைய_ஜூனியர்:
சட்டத்துக்குன்னே செஞ்ச கருவி வாங்கிட்டா பிரச்சினை தீர்ந்துடும்னு விக்க வர்றவங்க சொல்வாங்க, நம்பாதீங்க. 2024ல ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் லெக்சிஸ், வெஸ்ட்லா மாதிரி பெரிய கருவிகளையே சோதிச்சுப் பார்த்தாங்க, 17ல இருந்து 33 சதவீதம் பதில்ல தப்போ கற்பனையோ இருந்துச்சு. அங்க தீர்ப்பு நிஜமாவே இருக்கும், லிங்க் கூட திறக்கும், ஆனா அந்தத் தீர்ப்பு சொன்னதா இது சொல்ற கருத்து அதுல இருக்காது, சில சமயம் தோத்த தரப்போட வாதத்தைத் தூக்கி கோர்ட் சொன்னதா கொடுத்துடும். இல்லாத கேஸை ரெண்டு நிமிஷத்துல பிடிச்சிடலாம், இதைப் பிடிக்கணும்னா முழுசா படிக்கணும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கறது ஜூனியர்களை நினைச்சுதான். நான் தொழில் கத்துக்கிட்டதே ராத்திரி உட்கார்ந்து கட்டு சுருக்கிச் சுருக்கித்தான், எந்தப் பேப்பர் பொய் சொல்லுதுன்னு மூக்குல மணக்கறது அப்படித்தான் வந்துச்சு. அந்த வேலையை எடுத்துட்டு சரிபார்க்க மட்டும் சொன்னா, எதை வெச்சு சரிபார்ப்பாங்க? முதல் ரெண்டு வருஷம் அவங்க கையால ஒரு சுருக்கம் எழுதட்டும், அப்புறம் ஏஐ போட்டதை பக்கத்துல வெச்சுப் பார்க்கட்டும்.

கேஸ்கட்டு:
ரொம்ப நன்றி, இதெல்லாம் குறிச்சு வெச்சுக்கிட்டேன். ஃபீஸும் ரகசியமும் யாராவது சொல்லுங்களேன்?

பூட்டிய_அலமாரி:
ஆபீஸ் பேர்ல காசு கட்டி அக்கவுன்ட் எடுங்க மேடம், தனித்தனியா யாரும் சொந்த ஐடில போகக் கூடாது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, நாம போடறதை வெச்சு அவங்க ஏஐ மாடலைப் பழக்குவாங்களா, எத்தனை நாள் வெச்சிருப்பாங்க, அவங்க ஆளுங்க யாராவது பார்க்க முடியுமா, இதுக்கெல்லாம் ஒப்பந்தத்துலயே பதில் இருக்கணும், சேல்ஸ் ஆள் வாய்ல சொல்றது செல்லாது. ஒரு கேஸ் ஃபைல் இன்னொரு டீமுக்குத் தெரியாம பிரிச்சு வெக்க முடியுமான்னும் பாருங்க.

ஃபீஸுக்கும் கட்சிக்காரர் சம்மதத்துக்கும் அமெரிக்கன் பார் அசோசியேஷன், அதாவது அமெரிக்க வக்கீல்கள் சங்கம், 2024 ஜூலைல கொடுத்த 512ஆம் எண் கருத்துரையைப் படிங்க, எந்த ஊர்ல தொழில் பண்ணாலும் யோசிக்க உதவும். மூணு மணி நேர வேலை இருபது நிமிஷத்துல முடிஞ்சா இருபது நிமிஷத்துக்குத்தான் பில் போடணும், அதோட சரிபார்த்த நேரத்தைச் சேர்த்துக்கலாம், ஆனா கருவியைக் கத்துக்கிட்ட நேரத்தை பொதுவா கட்சிக்காரர் தலைல கட்டக் கூடாதுன்னு இருக்கு. போட்ட தகவலை வெச்சு தானே கத்துக்கற கருவின்னா கட்சிக்காரருக்கு விஷயத்தைப் புரிய வெச்சு சம்மதம் வாங்கணும், வக்காலத்தோட எல்லாருக்கும் நீட்டற ரெடிமேட் வரி பத்தாது.

அப்புறம் அந்த ரெண்டு ஜூனியர், இன்னைக்கே அவங்க செட்டிங்ஸ்ல மாடல் பழக்கறதுக்கான அனுமதியை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, எந்தெந்த கட்சிக்காரர் மெயில் போச்சுன்னு பட்டியல் எடுங்க, அதுக்கப்புறம் அந்த சாட்டை அழிங்க. முதல்லயே அழிச்சிட்டா என்ன போச்சுன்னே தெரியாம போயிடும்.

கேஸ்கட்டு:
பட்டியல் எடுத்தாச்சு சார், நாலு கட்சிக்காரர். ஒருத்தரோடது சமரசப் பேச்சுல இருக்கற கேஸ், எவ்வளவுக்கு இறங்கி வருவோம்னு எழுதின மெயிலே போயிருக்கு. திட்டாம கேட்டதால பசங்க எல்லாத்தையும் சொன்னாங்க. நாளைக்குக் காலைல சீனியரும் நானும் முதல்ல அவருக்குத்தான் போன் பண்றோம்.