மறு: 'ஸ்கின்டு ஃபைபர்' - உரியிழை எனலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மேல்சவ்வை அகற்றிய தசை செல்லை ஆங்கிலத்தில் 'ஸ்கின்டு ஃபைபர்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'சவ்வு நீக்கிய தசையிழை' என்ற முன்மொழிவைப் படித்தேன். பொருள் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் வாய் ஓயாமல் சொல்ல வேண்டிய பெயர் இது; இத்தனை நீளம் நாவில் தங்காது. 'உரியிழை' என்பது என் பரிந்துரை.

டோக்கியோவின் ஜிக்கெய் மருத்துவக் கல்லூரியில் நடோரி என்ற ஆய்வாளர், தவளைத் தசையிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்துப் பாரஃபின் எண்ணெயில் வைத்து, சட்டைக் கையைச் சுருட்டுவதுபோல் அதன் மேல்சவ்வை ஊசியால் சுருட்டி எடுத்தார். அதை அவர் வெளியிட்டது 1954இல். ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் ஒன்றையொன்று கடந்து சறுக்குவதால்தான் தசை சுருங்குகிறது என்று இரண்டு குழுக்கள் 'நேச்சர்' இதழில் எழுதியதும் அதே ஆண்டில்தான். தசையைச் சுருங்கத் தூண்டுவது கால்சியம். சவ்வு இருக்கும்வரை உள்ளே அது எவ்வளவு என்பதை இழைதான் முடிவு செய்யும். உரித்துவிட்டால் நாம் ஊற்றும் கரைசலே அதன் உட்திரவம். கால்சியம், மக்னீசியம், ஆற்றல் தரும் ஏடிபி எல்லாம் நம் கையில். தசையியலில் இதைவிடப் பெரிய திறப்பு குறைவு என்பேன்.

'மரவுரி'யில் உரி என்பது கழற்றிய பட்டையைத்தானே குறிக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் உரியிழை, காலம் மறைந்த வினை பெயரோடு சேரும் வினைத்தொகை, ஊறுகாய் போல. உரித்தபின் எஞ்சும் இழையையே குறிக்கும். 'உரிய இழை' என்று மயங்குவார்கள் என்ற அச்சத்துக்கு, கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் 'உரித்த தசையிழை' என்று விரித்து எழுதினால் போதும்.

உண்மையான சிக்கல் வேறு. ஊசிக்குப் பதில் வேதிப்பொருள்களாலும் சவ்வைத் திறக்கிறார்கள். அவற்றில் சப்போனின் சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைப் பற்றித் துளையிடுகிறது. சவ்வு நீங்குவதில்லை, உள்ளிருக்கும் கால்சியக் கிடங்கும் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது. டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பொருள் அந்தக் கிடங்கின் சவ்வையும் சேர்த்தே கரைத்துவிடும். இரண்டையும் 'சவ்வு நீக்கிய' என்று எழுதினால் படிக்கும் மாணவர் தவறாகப் புரிந்துகொள்வார். எனவே சப்போனின் இட்ட இழைக்குத் 'துளையிழை' என்று தனிச்சொல் வேண்டும். ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் கலந்து எழுதுகிறார்கள் என்பதற்காக நாமும் கலக்க வேண்டியதில்லை.

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவருக்கு முதல் பெரிய நாள் ஆய்வுக் கட்டுரை வெளியாகும் நாள் அல்ல. தானே பிரித்த உரியிழை விசை காட்டும் நாள். கூர்முனை இடுக்கியால் நுனியைப் பிடித்து இழுத்து, அலுமினியக் கவ்விகளை மாட்டி, ஒரு முனையை விசை உணரியில் கோத்து, லேசர் ஒளிக் கோடுகளைப் பார்த்துச் சார்கோமியர் (இழையில் திரும்பத் திரும்ப வரும் சுருங்கும் அலகு) நீளத்தைச் சரிசெய்து, கால்சியம் மிகக் குறைந்த தளர்வுக் கரைசலிலிருந்து கால்சியக் கரைசலுக்கு இழையை மாற்றுகிறார். திரையில் விசைக் கோடு ஏறி, மேலே நிலைத்து நிற்கிறது. மீண்டும் தளர்வுக் கரைசலில் வைத்ததும் அடித்தளத்துக்கே இறங்குகிறது. இறங்காவிட்டால் இழை கெட்டுவிட்டது என்று பொருள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வேலை முழுவதையும் தமிழில் விளக்க முடிய வேண்டும் என்பதே என் ஆசை.

இன்னொன்று. தசை செல்லையும் 'இழை', அதனுள்ளே இருக்கும் ஆக்டினையும் 'இழை' என்கிறோம். முன்னது பல பத்து மைக்ரோமீட்டர் தடிமன். பின்னது சில நானோமீட்டர். ஆக்டின், மயோசினுக்கு 'நுண்ணிழை' என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். ஏடிபி தீர்ந்து தசை இறுகி நிற்கும் 'ரிகர்' நிலைக்கு விறைப்பு என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. துளையிழைக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்; கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும் முன் அதைத் தீர்த்துவிடுவோம்.