பன்னிரண்டு போர் துவக்கு குறிக்கு மேலேயும் இடப்பக்கமாகவும் அடிக்கிறது: காரணம் துவக்கிலா, என்னிலா?

வினா (தம்பலகாமத்து வயற்காரர்)

வணக்கம். பெரும்போகத்தில் கதிர் பால்பிடிக்கும் நாளிலிருந்து காட்டுப்பன்றிகள் இரவிரவாக வயலில் இறங்குகின்றன. அப்பா பயிர்ப் பாதுகாப்புக்காக வைத்திருந்த ஒற்றைக்குழல் பன்னிரண்டு போர் (12 bore, குழலின் உள்விட்ட அளவு) துவக்கு, அவருக்குப் பின் முறைப்படி என் பெயருக்கு மாற்றப்பட்டிருக்கிறது. போன கிழமை பொலிஸ் நிலையத்தில் அறிவித்துவிட்டு, உயரமான மண் அணைப்பின் முன்னால் பழைய நாட்காட்டித் தாள்களை ஒட்டி நிறுத்தி, 25 யார் தூரத்திலிருந்து 4ஆம் இலக்கச் சன்னத்தால் (சிறு குண்டுகளால்) ஐந்து வெடி வைத்துப் பார்த்தேன். ஐந்திலும் சன்னக்கூட்டத்தின் நடு, குறிக்கு ஏறக்குறைய ஒரு அடி மேலேயும் அரை அடி இடப்பக்கமாகவும் விழுந்திருக்கிறது. உதையும் கடுமை, தோள் இரண்டு நாள் நீலம் பாரித்திருந்தது. குழல் முனையிலுள்ள குறிபார்க்கும் மணியை இடப்பக்கம் நகர்த்தி ஒட்டினால் சரியாகுமா? வெற்றுத் தோட்டாக் கூட்டில் வெடிமருந்தைக் குறைத்து நிரப்பித் தந்தால் உதை குறையும் என்று என் மச்சான் சொல்கிறார். அதையும் கேட்டு வைக்கிறேன்.

மறுமொழி (உவர்மலையிலிருந்து, முன்னாள் ஆயுதத் திருத்துநர்)

தம்பி, மணியைத் தொடாதீர்கள். சன்னத் துவக்கில் பின்குறி (கண்ணுக்கு அருகே இருக்கும் குறி) என்று தனியாக ஒன்றும் கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கண் எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே சன்னமும் போகும். கண்ணுக்கும் மணிக்கும் இடைவெளி ஒரு மீற்றர் அளவு, குறிக்கோ 23 மீற்றர் என்பதால், குறியில் ஒரு அடி உயர்வதற்குக் கண் 13 மில்லிமீற்றர் உயர்ந்தாலே போதும். அது ஒரு சுண்டுவிரலின் அகலம். வலது தோளில் வைத்துச் சுடுபவர் உதைக்குப் பயந்து கன்னத்தைப் பிடங்கிலிருந்து (தோளில் வைக்கும் கட்டையிலிருந்து) எடுத்தால், தலை மேலே மட்டும் போவதில்லை, இடப்பக்கமாகவும் சாயும். நீங்கள் எழுதியிருப்பது அச்சொட்டாக அதுதான்.

ஆகவே நான் கேட்பது உதையைப் பற்றி. மூன்று விடயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். வெடித்த கூட்டின் நீளம் எத்தனை மில்லிமீற்றர்? அதன் வாய்விளிம்பு பிய்ந்திருக்கிறதா? குழலைக் கழற்றினால் அடிப்பக்கத்தில் என்ன முத்திரைகள் தெரிகின்றன?

வினா எழுப்பியவர்

கூடு சரியாக 70 மில்லிமீற்றர் இருக்கிறது. வாய் தும்பு தும்பாகப் பிய்ந்திருக்கிறது. இரண்டு கூடுகளைக் குச்சியால் தள்ளித்தான் எடுத்தேன். பெட்டியில் சன்ன எடை 36 கிராம் என்று போட்டிருக்கிறது. குழலின் அடியில் நைட்ரோ புரூஃப் (புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது) என்றும், 1⅛ அவுன்ஸ் என்றும், 2½ என்றும் பொறித்திருக்கிறார்கள். அப்பா அதைப் பேர்மிங்காம் துவக்கு என்பார்.

மறுமொழி (உவர்மலை)

காரணம் வெளிவந்துவிட்டது. 2½ என்பது தோட்டா அமரும் அறையின் நீளம், அங்குலத்தில். அதற்குரியது 65 மில்லிமீற்றர்த் தோட்டா. நீங்கள் போடுவது 70. பலர் இதிலே ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. தோட்டாவின் நீளம் என்பது வெடித்து வாய் விரிந்த பின் உள்ள நீளம். வாய் மடிந்திருக்கும் புதிய 70 தோட்டா சுமார் 58 மில்லிமீற்றர்தான் இருக்கும் என்பதால், சின்ன அறையிலும் தடையில்லாமல் வழுக்கி உட்கார்ந்துவிடும். வெடிக்கும்போது விரியும் வாய், அறைக்கு முன்னால் குழல் ஒடுங்குகிற இடத்துக்குள் நுழைந்து வழியை நெருக்க, அழுத்தம் ஏறுகிறது. அத்தோடு குழலுக்குரிய சன்ன எடை 1⅛ அவுன்ஸ் என்றால் 32 கிராம், உங்களுடையதோ 36. பிய்ந்த விளிம்பு, இறுகிய கூடு, நீலம் பாரித்த தோள் எல்லாம் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

இனி அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவும் போட வேண்டாம். அறையைக் கடைந்து நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்; சுவர் மெலிந்த குழலை மீண்டும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தாமல் நம்ப முடியாது.

மச்சான் சொல்வதைப் பற்றிக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உரிமம் இல்லாமல் தோட்டா நிரப்புவது இங்கே குற்றம். அதைவிடப் பெரிய விடயம், வாய்வழியே மருந்திடும் இடியன் துவக்குக்குப் பழகிய கை கரிமருந்தை அளக்கும் கிண்ணத்தாலேயே புகையில்லா மருந்தையும் அளந்துவிடும்; அந்த அளவு இதற்கு மிக அதிகம். குழல் வெடித்து விரல் போனவர்களின் கதையில் அந்தக் கிண்ணம் வரும். மருந்தைக் குறைத்தாலும், அடைப்பும் (மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையில் இருப்பது) கேப்பும் (தீமூட்டும் மூடி) சன்ன எடையும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் மருந்து அரைகுறையாக எரிந்து, அடைப்புக் குழலுக்குள் நின்றுவிடலாம். அடுத்த வெடி அதில் போய் முட்டும்.

மறுமொழி (மூதூரிலிருந்து)

ஐயாவிடம் ஒரு சந்தேகம். எங்கள் பயற்றங்காணியில் மானும் இறங்குகிறது. இதே வகைத் துவக்கில் எஸ்.ஜி. (பெரிய குண்டுகள் உள்ள) தோட்டா போடலாமா?

மறுமொழி (உவர்மலை)

மானுக்கு என்றால் எந்தத் தோட்டாவும் கூடாது. புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்டவை. உங்கள் அனுமதிப்பத்திரம் பயிரைக் காக்கத் தந்தது, இறைச்சிக்கு அல்ல. வேலியை உயர்த்துங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்றிக் கோட்டைக்குள் ஆட்களின் கையிலிருந்து வாங்கித் தின்று திரிகிற அதே சாதிதான் உங்கள் காணிக்கும் வருகிறது. எஸ்.ஜி. பன்றிக்கு என்றாலும், அவுன்சுக்கு எட்டுக் குண்டுதான். ஒவ்வொன்றும் பல நூறு மீற்றர் போகும். பின்னால் மண் அணைப்பு இல்லாத இடத்தில், அதுவும் இரவில், பக்கத்து வயல் பரணில் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் விசையைத் தொடக்கூடாது.

வினா எழுப்பியவர் (மூன்று வாரத்துக்குப் பின்)

அனுமதி பெற்ற வியாபாரியிடம் சொல்லிவைத்து 28 கிராம் சன்னம் உள்ள 65 மில்லிமீற்றர்த் தோட்டா ஒரு பெட்டி எடுத்தேன். அதற்கு முன் துவக்கைத் திருத்துநர் ஒருவரிடம் காட்டினேன். குழலில் வீக்கமோ வெடிப்போ இல்லை என்றார். அதே அணைப்பு, அதே 25 யார். சன்னக்கூட்டம் குறியிலிருந்து நாலு விரல் உயரத்தில் நிற்கிறது; இடப்பக்கச் சாய்வு ஏறக்குறைய இல்லை. கூடுகள் விரலால் இழுக்கவே வந்தன.

ஒன்றை மட்டும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தெரியாமல் வெடித்த கூட்டையும் நல்ல தோட்டாவையும் மாற்றி மாற்றிப் போடும்படி தம்பியிடம் சொன்னேன். வெற்றுக் கூடு இருந்தபோதும் விசையை இழுத்த கணத்தில் குழல் முனை துள்ளியது, கன்னம் பிடங்கை விட்டு எழுந்தது. தம்பி இன்னும் சிரிக்கிறான்.

மறுமொழி (உவர்மலை)

வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த 36 கிராம் பழக்கிவிட்ட பயம் அது. தினமும் மாலையில் துவக்கை வெறுமையாக்கி, இரண்டு முறை பார்த்து உறுதி செய்தபின், வெடித்த கூட்டைப் போட்டு, மணியின்மேல் கண் அசையாமல் பத்து முறை விசையை இழுத்துப் பழகுங்கள். அந்த நாலு விரல் உயரமும் அதிலேயே இறங்கலாம். இறங்காவிட்டால் பிடங்கைச் சீவுவதைப் பற்றி அப்போது பேசுவோம்.