ஈஸ்ட் பாட்டிலும் எலுமிச்சை உப்பும்: செடித் தொட்டிக்கு வீட்டில் தயாரித்த கரியமில வாயு

லாஸ்பேட்டை, புதுச்சேரியிலிருந்து:

மீன் தொட்டிக்குள் நீர்ச்செடிகளும் வளர்ப்பதைத்தான் செடித் தொட்டி என்கிறோம்; அந்தச் செடிகள் செழிக்கத் தண்ணீரில் கரியமில வாயுவைக் கலந்து விடுவதுண்டு. அதற்கான வாயு உருளைக்கும் ரெகுலேட்டருக்கும் பணம் செலவழிக்க மனமில்லாத செடித் தொட்டிக்காரர்கள் முதலில் கைவைப்பது சமையலறைச் சர்க்கரை டப்பாவில்தான். நானும் ஈஸ்ட் முறையில் தொடங்கி, பிறகு எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) சமையல் சோடாவும் சேர்க்கும் முறைக்கு வந்தவன். இரண்டையும் நம் ஊர் வெயிலில் வைத்துப் பார்த்த பின் எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 200 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 103 கிராம் கரியமில வாயு கிடைக்கும். 200 கிராம் சமையல் சோடா முழுவதும் அமிலத்தோடு வினைபுரிந்தால் ஏறத்தாழ 105 கிராம் கிடைக்கும். அளவில் இரண்டும் ஒன்றுதான். அந்த வாயு எப்போது, எந்த வேகத்தில் வருகிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

ஈஸ்ட் முறைக்கு வேண்டியவை இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், 200 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் பேக்கரி ஈஸ்ட், ஒரு சிட்டிகை சமையல் சோடா, முக்கால் பாட்டில் தண்ணீர் ஆகியவை மட்டுமே. குடிநீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காது. சர்க்கரைக்குப் பதில் நெல்லிக்குப்பம் பக்கத்து வெல்லத்தைப் போட்டாலும் நன்றாகவே வேலை செய்யும்; ஆனால் நுரை மேலெழும்பி, வாயுவைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் டியூபுக்குள் ஏறிவிடும் என்பதால், வழியில் தண்ணீர் நிரப்பிய சிறு பாட்டில் ஒன்றை வைத்து வாயுவை அதன் வழியாக அனுப்புவது அவசியம். மிதமான வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் வரவேண்டிய வாயு, கத்திரி வெயில் காலத்தில் முதல் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்து, அதன்பின் குமிழி எண்ணக் காத்திருக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும். ஐப்பசி அடைமழையில் அதே கலவை சோம்பலாக நடக்கும். என் மாமனார் ஒருமுறை தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து மோந்துவிட்டு, “மாப்பிள்ளை, வீட்டுக்குள்ளயே ஊறல் போட ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று கேட்டார். வேதியியல்படி அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை.

மூடியில் டியூப் பொருத்துவது பலரையும் அலைக்கழிக்கும் இடம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குளிர்பான மூடியின் பிளாஸ்டிக்கில் ஃபெவிக்விக்கோ எம்-சீலோ நிலைத்து ஒட்டுவதில்லை. சில நாளில் விளிம்பு விட்டுப்போய் வாயு கசியத் தொடங்கும். டியூபின் தடிமனைவிடச் சற்றே சிறிய துளையை டிரில்லால் போட்டு, டியூபின் நுனியைச் சாய்வாகக் கத்தரித்து, துளைக்குள் நுழைத்து, மறுபுறம் தலைகாட்டும் நுனியைக் குறடால் பிடித்து இழுத்தால், அது சுருங்கி வெளியே வந்து மீண்டும் விரிந்து துளையை இறுக அடைத்துக்கொள்ளும். சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசிவு இருந்தால் தெரிந்துவிடும். மெடிக்கல் கடையில் கிடைக்கும் டிரிப்ஸ் செட்டைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. அதில் சொட்டு விழும் சிறு அறையில் பாதி தண்ணீர் விட்டால் குமிழி எண்ணும் கருவியாகிவிடும். ஆனால் அதிலுள்ள சக்கரத்தைத் திருகி ஈஸ்ட் பாட்டிலை அடைத்து வைக்கக் கூடாது. உள்ளே நொதித்தல் நிற்காது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

எலுமிச்சை உப்பு முறையில் ஒரு பாட்டிலில் 200 கிராம் எலுமிச்சை உப்பை 600 மில்லி தண்ணீரில் கரைத்தும், இன்னொன்றில் 200 கிராம் சமையல் சோடாவை 200 மில்லி தண்ணீருடன் சேர்த்தும் வைத்து, இரண்டையும் டியூபால் இணைக்கிறோம். முதல் பாட்டிலை ஒருமுறை அமுக்கினால் அமிலம் கொஞ்சம் சோடாப் பக்கம் போய் வாயு உண்டாகி, இரண்டு பாட்டிலிலும் அழுத்தம் சமமாகும். வாயுவின் வேகத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வு வழியாக வாயு வெளியேற வெளியேறச் சோடாப் பக்கம் அழுத்தம் குறைய, அமிலப் பக்கத்து அழுத்தம் அடுத்த சொட்டைத் தானே தள்ளிவிடும். செலவாகும் அளவுக்கு மட்டுமே உற்பத்தி நடப்பதால் இரவில் வால்வை மூடிவிடலாம், காலையில் விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் திறக்கலாம். கணக்குப்படி 200 கிராம் சோடாவுக்கு 152 கிராம் எலுமிச்சை உப்பே போதும் என்பதால் அடுத்த முறை சோடாவை மட்டும் புதிதாகப் போட்டு மிச்ச அமிலத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சிலர் செய்கிறார்கள், நான் செய்வதில்லை. மளிகைக் கடையில் சமையல் சோடா கேட்டால் பேக்கிங் பவுடரை எடுத்துத் தருவதுண்டு, அட்டையைப் படித்து வாங்கவும்.

மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து:

ஈஸ்ட் பாட்டிலை இரவில் நிறுத்த முடியாததால் வரும் பிரச்சினையை நான் நேரில் பார்த்தது, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது. மின்சாரம் போனதும் விளக்கு, ஃபில்டர், காற்றுப் பம்பு மூன்றும் ஒன்றாக நின்றுவிட்டன. ஈஸ்ட் பாட்டிலுக்கு மட்டும் மின்சாரம் தேவைப்படவில்லை. இருட்டில் செடிகள் வாயுவை எடுத்துக்கொள்வதற்கு மாறாக, மீன்களைப் போலவே பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடுகின்றன. நீர்ப்பரப்பு அசையாததால் சேர்ந்த வாயு வெளியேறவும் வழியில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது மீன்கள் எல்லாம் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அப்போது நான் செய்தது இரண்டே வேலைதான்: டியூபைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துச் சும்மா விட்டேன், சொம்பால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரத்தில் கீழே இறங்கத் தொடங்கின. டியூப் தண்ணீரில் கிடக்கும்போது பாட்டில் குளிர்ந்தால் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்பட்டுப் பாட்டிலுக்குள் போய்விடும் என்பதால், ஒருவழி வால்வு இல்லாமல் யாரும் இதைத் தொடங்க வேண்டாம்.

அரியாங்குப்பத்திலிருந்து:

இருவரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. கடலோர போர்த் தண்ணீரில் கார்பனேட் கடினத்தன்மை (கரைந்துள்ள கார்பனேட் உப்புகளின் அளவு) கூடுதலாக இருந்தால், செடிக்குப் போதுமான வாயு கரைந்திருந்தும் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) தாழ்ந்த எண்ணுக்கு இறங்காது. பொதுவாகப் பயன்படுத்தும் கணக்கு இது: லிட்டருக்கு 30 மில்லிகிராம் கரியமில வாயு இருக்கும்போது, கடினத்தன்மை 4 டிகிரி உள்ள தண்ணீர் பி.எச். 6.6-ஐக் காட்டும், 10 டிகிரி உள்ள தண்ணீர் 7.0-ஐக் காட்டும். இணையத்தில் படித்த 6.6-ஐ அடைந்தே தீருவேன் என்று 10 டிகிரி தண்ணீரில் வாயுவைக் கூட்டிக்கொண்டே போனால், லிட்டருக்கு 75 மில்லிகிராமைத் தொட்டு மீன்கள் செத்துவிடக்கூடும். ஆர்.ஓ. தண்ணீர் கலந்து கடினத்தன்மையைக் குறைக்கலாம். அது முடியாதவர்கள் டிராப் செக்கர், அதாவது உள்ளிருக்கும் நீரின் நிறத்தால் வாயு அளவைக் காட்டும் சிறு குமிழ், வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்குள் ஊற்ற வேண்டியது 4 டிகிரிக்குத் தயாரித்த நீர், தொட்டித் தண்ணீரை ஊற்றினால் நிறம் பொய் சொல்லும். நீலம் என்றால் வாயு குறைவு, பச்சை சரி, மஞ்சள் அதிகம். தொட்டியில் நடப்பது அந்த நிறத்தில் தெரிய இரண்டு மணி நேரம் வரை ஆகும் என்பதால், மீன்கள் மேலே வந்துவிட்டால் செக்கர் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் முதலில் வாயுவை நிறுத்திவிடுங்கள்.