டிரையம்ஃப் டிஆர்6: வலப் பின் சக்கரத்தின் அலைன்மென்ட் சரியாகவில்லை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். என்னுடைய 1972ஆம் ஆண்டு டிஆர்6 (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) நேர்ச்சாலையில் ஓடும்போது ஸ்டியரிங் சற்று வலப்பக்கம் திரும்பியே நிற்கிறது. வலப் பின் டயரின் உள்விளிம்பு மட்டும் வேகமாகத் தேய்கிறது. அலைன்மென்ட் அறிக்கையில் வலப் பின் சக்கரம் 4 மி.மீ. டோ-அவுட் (முன்விளிம்பு வெளிப்பக்கம் திரும்பியிருப்பது), கேம்பர் (சக்கரத்தின் சாய்வு; மைனஸ் என்றால் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்வது) மைனஸ் 2.5 டிகிரி என்றும், இடப் பின் சக்கரம் 1 மி.மீ. டோ-இன் (முன்விளிம்பு உட்பக்கம் திரும்பியிருப்பது), கேம்பர் மைனஸ் 1 டிகிரி என்றும் உள்ளது. பின் சக்கரங்களில் திருத்த வழியே இல்லை என்று பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். உண்மைதானா?

மறுமொழி 1:
உண்மையல்ல. 1965இல், முந்தைய மாடலான டிஆர்4ஏ காலத்திலேயே வந்த அமைப்புதான் இது. ஒவ்வொரு ட்ரெய்லிங் ஆர்மும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பிராக்கெட்டுகளால் சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டகம்) குறுக்குச் சட்டத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது. பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே வைக்கும் ஷிம்களால் (மெல்லிய தகடுகள்) டோவையும், பிராக்கெட்டுகளின் தேர்வால் கேம்பரையும் மாற்றலாம். பின் சக்கரங்கள் இரண்டும் வலப்பக்கம் நோக்குவதால்தான் ஸ்டியரிங்கும் வலப்பக்கம் நிற்கிறது. ஆனால் ஷிம்மில் கைவைக்கும் முன், ஆர்மின் புஷ்கள் (மூட்டில் அதிர்வைத் தாங்கும் உருளைகள்) தளர்ந்துள்ளனவா என்று கம்பியால் நெம்பிப் பாருங்கள். பிராக்கெட் அமரும் சட்டத்தைத் திருப்புளியால் தட்டிப் பாருங்கள். துருவுக்குப் பேர்போன இடம் அது. சட்டம் இற்றுப்போயிருந்தால் எந்த ஷிம்மும் நிற்காது. இரு பக்க உயரத்தையும் அளங்கள், ஏனெனில் ஸ்பிரிங் தாழ்ந்தாலே நெகட்டிவ் கேம்பர் கூடிவிடும்.

கேட்டவர்:
உயரம் இருபுறமும் ஒன்றே. சட்டமும் உறுதியாக இருக்கிறது. வலப்பக்க உள் புஷ் வெடித்திருக்கிறது. வெளிப் பிராக்கெட்டின் பின்னால் இரண்டு ஷிம்கள் உள்ளன, உள்ளே ஒன்றுமில்லை. பிராக்கெட்டின் விளிம்பிலுள்ள வெட்டு இடப்பக்கம் மேல்நோக்கியும் வலப்பக்கம் கீழ்நோக்கியும் இருக்கிறது.

மறுமொழி 2:
அந்த வெட்டுதான் முக்கியம். பிராக்கெட்டுகளில் ஒன்று, இரண்டு, மூன்று என வெட்டுகள் இருக்கும்; எண்ணிக்கையும் எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதும் சேர்ந்தே கேம்பரைத் தீர்மானிக்கின்றன. முன்பு கழற்றியவர் வலப்பக்கத்தைத் தலைகீழாகப் பூட்டியிருக்க வேண்டும். முதலில் புஷ்களை மாற்றி, பிராக்கெட்டுகளை இடப்பக்கம் போலவே பூட்டுங்கள். ரப்பர் புஷ் என்றால், வண்டியின் எடை சக்கரங்களின் மீது இறங்கிய பிறகே போல்ட்டை இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். அடுத்து, வெளிப் பிராக்கெட்டிலிருந்து ஷிம்மைக் குறைத்தாலோ உள் பிராக்கெட்டில் கூட்டினாலோ சக்கரம் டோ-இன் பக்கம் திரும்பும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, பக்கவாட்டில் நூல் பிடித்து அளங்கள். முன் சக்கரங்களின் இடைத்தொலைவு பின்னவற்றைவிடச் சுமார் அரை அங்குலம் அதிகம். ஆகவே நூல் பின் ஹப்பிலிருந்து (சக்கரத்தின் மையப்பகுதி) விலகும் தூரம், முன் ஹப்பில் விலகுவதைவிட ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். இதை மறந்தால் நீங்கள் எடுக்கும் அளவே கோணலாகிவிடும். இரு பக்கமும் சமமாக, மொத்தத்தில் 0 முதல் 1/16 அங்குலம் வரை டோ-இன் கிடைத்தால் போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பிராக்கெட்டைத் திருப்பியதும் கேம்பர் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. வெளியிலிருந்த ஷிம்களில் ஒன்றை எடுத்து உள்ளே வைத்தபின் டோவும் அளவுக்குள் வந்துவிட்டது. முன் சக்கரங்களை இனிப் பார்க்கலாமா?

மறுமொழி 2:
தாராளமாக. பின் சக்கரங்களை அடிப்படையாக வைத்தே முன்புறத்தைச் சரிசெய்யும்படி பட்டறையில் சொல்லுங்கள்.