கங்கைகொண்டானில் நீராவிக் குழாய்: எந்தத் தரம் பொருந்தும்?

கேள்வி (கங்கைகொண்டான்):
அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். எங்கள் ஆலையில் 10 பார் அழுத்தத்தில், ஏறத்தாழ 184 டிகிரி செல்சியஸில் நிறைவுற்ற நீராவியைக் கொண்டுசெல்ல 2 அங்குலக் குழாய் இட வேண்டும். ஐஎஸ் 1239 (மென்னெஃகுக் குழாய்களுக்கான இந்தியத் தரம்) 'சி கிளாஸ்' எனும் கனத்த வகை போதும் என்கிறார் வணிகர். தூத்துக்குடி உப்புக்காற்றை நினைத்து 304 துருப்பிடிக்கா எஃகு வாங்கலாமா என்றும் யோசிக்கிறோம்.

பதில் 1 (பாளையங்கோட்டை):
தம்பி, இந்த அழுத்தம் கொதிகலன் ஒழுங்குமுறைக்குள் வருவதால், சான்றிதழ் உள்ள ஏஎஸ்டிஎம் ஏ106 கிரேடு பி (உயர்வெப்பப் பணிக்கான கரி எஃகுத் தரம்) தையலில்லாக் குழாயையே வாங்குங்கள். சான்றிதழிலுள்ள உருக்கு எண்ணும் (எஃகு எந்த உருக்கலில் வந்தது என்று காட்டும் 'ஹீட் நம்பர்') குழாயில் பொறித்த எண்ணும் பொருந்துகின்றனவா என்று இறக்கும்போதே பாருங்கள்; பின்னர் வண்ணம் அடித்துவிட்டால் எதுவும் தெரியாது.

ஷெட்யூல் என்பது குழாய்ச்சுவரின் தடிமன் வரிசை; எண் கூடினால் தடிமன் கூடும். உங்கள் 2 அங்குலக் குழாய்க்கு ஷெட்யூல் 40-இல் சுவர்த்தடிமன் 3.91 மி.மீ.; உற்பத்தியில் 12.5 விழுக்காடு குறைய அனுமதி உண்டென்பதால் 3.42 என்றே கணக்கிடுங்கள். அழுத்தத்தைத் தாங்க ஒரு மில்லிமீட்டர்கூடத் தேவையில்லை, மிச்சமெல்லாம் அரிமானத்துக்கும் உறுதிக்கும்தான். ஆனால் நீராவி குளிர்ந்து திரும்பும் நீரில் கரியமில வாயு கரைந்து அமிலமாகிக் குழாயை அரிப்பதால், அந்த நீர் திரும்பும் தடத்துக்கு ஷெட்யூல் 80 இடுவதே என் பரிந்துரை.

பதில் 2 (தூத்துக்குடி):
304 வேண்டாம். குழாய்மேல் போர்த்தும் வெப்பக் காப்புறைக்குள் உப்பீரம் புகுந்தால், 60 டிகிரிக்கு மேல் குளோரைடு தகைவு அரிமானத்தால் (உப்பிலுள்ள குளோரைடும் உலோகத்திலுள்ள இழுவிசையும் சேர்ந்து உண்டாக்குவது) அது முன்னறிவிப்பின்றி வெடிப்புவிடும். காப்புறையின் தகட்டு மூட்டுகளை மழைநீர் புகாமல் அடையுங்கள். செலவு அங்கேதான் பயன்படும்.